'தி' வந்த பாதை

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "மெஸ் சாம்பார் பத்தி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க." ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு, என் மேஜைக்கு வாராவாரம் வந்து சேரும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். கிரேக்கர்கள் எழுதும் ஆங்கிலத்தில் 'தி', 'ஏ', 'ஆன்' என்ற மூன்று பொடிச் சொற்கள் என்ன பாடு படுகின்றன என்பதுதான் அது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று என் செட் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதற்குள்ளே மூவாயிரம் வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது.

கப்பல் பம்புகள், வால்வுகள் சம்பந்தப்பட்ட வேலை என்னுடையது. சரக்குக் கப்பல் வைத்திருப்பவர்களில் கிரேக்க முதலாளிகள் பல காலமாக உலகின் முதல் வரிசையில் இருப்பவர்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் உட்கார்ந்து அவர்களுடைய எஞ்சினியர்கள் எழுதும் பரிசோதனை அறிக்கைகள் எங்களுக்கு வரும். விஷயம் சுத்தமாக இருக்கும். அளவுகள், அழுத்தம், தேய்மானம் எல்லாம் ஒரு புள்ளி பிசகாது. ஆனால் வாக்கியங்கள் இப்படிப் போகும்: 'தி கரோஷன் இஸ் தி எனிமி ஆஃப் தி ஷிப்ஸ்.' ஆங்கிலத்தில் பொதுவாக அரிப்பு என்று சொல்ல 'கரோஷன்' என்றால் போதும், பொதுவாகக் கப்பல்கள் என்று சொல்ல 'ஷிப்ஸ்' போதும். இரண்டுக்கும் முன்னால் 'தி' உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது 'ஹி இஸ் எஞ்சினியர்' என்று இருக்கும். அங்கே வர வேண்டிய 'ஆன்' காணாமல் போயிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இவங்க நம்மளை விட மோசமா எழுதறாங்க" என்றான். மோசம் இல்லை, வேறு. நாம் எழுதினால் 'ஐ ஹேவ் சென்ட் ரிப்போர்ட் டு மேனேஜர்' என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். கிரேக்கர் விடுவதில்லை, அதிகமாகப் போடுகிறார். அதுவும் கண்ட இடத்தில் இல்லை. பார்த்துப் பார்த்து, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும். வாழ்க்கை, அன்பு, சமுதாயம், இயற்கை போன்ற கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்கு முன்னால் 'தி'. பொதுவாக ஓர் இனத்தைச் சொல்லும் பன்மைக்கு முன்னால் 'தி'. பள்ளிக்கூடம் போகிறான் என்பதற்கு 'கோஸ் டு தி ஸ்கூல்'. ஒருவர் தொழிலைச் சொல்லும்போது 'ஏ' கிடையாது. கார் வைத்திருக்கிறாயா என்று கேட்கும்போதும் பெரும்பாலும் 'ஏ' கிடையாது. இவ்வளவு ஒழுங்காக ஒரு தவறு வந்தால், எஞ்சினியருக்குச் சந்தேகம் வர வேண்டும். தற்செயலான பழுது அப்படி வராது. எங்கேயோ ஒரு டிசைன் இருக்கிறது.

டிசைன் அவர்கள் தாய்மொழியில் இருக்கிறது. கிரேக்கத்தில் ஆர்ட்டிகிள் உண்டு. ஆண்பாலுக்கு 'ஓ', பெண்பாலுக்கு 'ஈ', அஃறிணை போன்ற மூன்றாவது பாலுக்கு 'தோ'. அதற்கு வேற்றுமையும் உண்டு, பன்மையும் உண்டு. வாழ்க்கை என்று சொல்ல 'ஈ ஸோயி', அதாவது 'தி லைஃப்'. ஆளின் பெயரைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஆர்ட்டிகிள் வேண்டும். யோர்கோஸ் வந்தான் என்றால் 'ஓ யோர்கோஸ்'. கூப்பிடும்போது மட்டும் அது போய்விடும். என் புத்தகம் என்பது 'தோ விவ்லியோ மு', வரிசைப்படி சொன்னால் 'தி புக் மை'. இந்தப் புத்தகம் என்பதும் 'திஸ் தி புக்'. நாடுகளுக்கும் உண்டு, கிழமைகளுக்கும் உண்டு. இந்தியா அவர்கள் வாயில் 'ஈ இந்தியா' ஆகிவிடுகிறது. 'ஸே' என்பது நம் 'இல்', 'க்கு' செய்யும் வேலையைச் செய்யும் சிறு சொல். அதோடு ஆர்ட்டிகிள் ஒட்டிக்கொண்டு 'ஸ்தோ' என்று ஒரே சொல்லாகிவிடும். பள்ளிக்கூடத்துக்கு என்பது 'ஸ்தோ ஸ்கோலியோ'. அந்த 'ஸ்தோ'வைப் பிரித்துப் பார்த்து உள்ளே இருக்கும் 'தி'யை எடுத்துப் போட்டுவிட்டு ஆங்கிலம் எழுத வேண்டும் என்றால் யாருக்கு முடியும்? இப்படி ஒட்டிக்கொண்டதற்குப் பெரிய சாட்சி இஸ்தான்புல். 'நகரத்துக்கு' என்று பொருள்படும் 'இஸ் தின் போலின்' என்ற கிரேக்கச் சொற்றொடரிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதே பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். நடுவில் உள்ள 'தின்' தான் நம் கதாநாயகன். ஒரு துருக்கி நகரத்தின் பெயருக்குள்ளே கிரேக்க ஆர்ட்டிகிள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது.

இது ஆதியிலேயே இப்படி இருந்ததா என்றால், இல்லை. கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று லீனியர் பி என்ற எழுத்தில் உள்ள களிமண் பலகைகள். கி.மு. 1400 முதல் 1200 வரையிலான அரண்மனைக் கணக்குகள் அவை: இத்தனை ஆடு, இத்தனை எண்ணெய், இத்தனை சக்கரம். 1952ல் அவற்றைப் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ். மொழிப் பேராசிரியர் அல்ல, கட்டடக் கலைஞர். நம்ம ஆள் மாதிரி. அந்தப் பலகைகளில் ஆர்ட்டிகிளே கிடையாது. பிறகு ஹோமர். இலியட்டில் 'ஹோ', 'ஹே', 'தோ' எல்லாம் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அவன், அவள், அது, அந்த என்று சுட்டுவதற்காக. நம் சுட்டுப்பெயர் மாதிரியே. அதற்கு அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்த 'அந்த' தேய்ந்து, சுட்டும் வேகம் குறைந்து, ஆர்ட்டிகிளாகிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதும்போது அது முழு ஆட்சியில் இருக்கிறது.

பிளேட்டோவிடம் அது ஒரு விசேஷமான வேலை செய்தது. 'அழகான' என்ற அடைமொழிக்கு முன்னால் 'தோ' போட்டால் 'தோ கலோன்'. அழகான இந்தப் பொருள் அந்தப் பொருள் என்றில்லாமல் அழகு என்பதையே பற்றிப் பேச முடிந்தது. 'இருக்கிற' என்பதற்கு முன்னால் போட்டால் 'தோ ஆன்', இருப்பது. கிரேக்கர்களிடம் தத்துவமும் விஞ்ஞானச் சிந்தனையும் வளர இந்த ஆர்ட்டிகிள் ஒரு முக்கியமான கருவி என்று புரூனோ ஸ்னெல் என்ற ஜெர்மன் அறிஞர் 1946ல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ரோமானியத் தத்துவ ஆசிரியர் செனிக்கா தம் 58ஆவது கடிதத்தில், 'தோ ஆன்' என்பதை லத்தீனில் ஒரே சொல்லில் சொல்ல வழியில்லையே என்று அங்கலாய்க்கிறார். ஸ்னெல் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. 'உள்ளது' என்று தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆர்ட்டிகிள் எதற்கு? வேலை நடந்தால் போதும், எந்த ஸ்பானரால் நடந்தது என்பது இரண்டாவது. ஆனாலும் கிரேக்கர் கையில் இருந்த ஸ்பானர் அதுதான் என்பதை மறுக்க முடியாது. 'தி லைஃப்', 'தி நேச்சர்', 'தி சொசைட்டி' என்று இன்று ஒரு கிரேக்க மாணவன் கட்டுரையில் எழுதி சிவப்பு மையில் அடி வாங்குகிறானே, அந்தத் 'தி' இந்த வம்சம்.

ஆர்ட்டிகிள் என்ற பேரே கிரேக்கர் கொடுத்ததுதான். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆர்த்ரோன்', மூட்டு. உடம்பில் எலும்போடு எலும்பு சேரும் மூட்டு. நம் பெற்றோர்களுக்கு வரும் ஆர்த்ரைட்டிஸ் அதே சொல்லிலிருந்து வந்தது. அதை லத்தீன்காரர்கள் 'ஆர்ட்டிகுலஸ்', சின்ன மூட்டு, என்று மொழிபெயர்த்தார்கள், அதிலிருந்து ஆர்ட்டிகிள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் இலக்கண நூல் சொற்களை 8 வகையாகப் பிரித்தபோது ஆர்த்ரோனுக்குத் தனி இடம் கொடுத்தது. லத்தீன் இலக்கணக்காரர்களுக்கு இங்கே சங்கடம். கிரேக்கர் 8 வகை சொன்னால் நாமும் 8 சொல்ல வேண்டாமா? தங்கள் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லாததால், காலியான நாற்காலியில் 'ஆ', 'ஐயோ' போன்ற வியப்புச் சொற்களை உட்கார வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். லேபில் ரீடிங் சரியாக வராதபோது நாம் செய்ததற்கு முன்னோடிகள் அவர்கள்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த அப்பொலோனியஸ் டிஸ்கோலஸ் தம் தொடரியல் நூலின் முதல் பாகத்தையே ஆர்ட்டிகிளுக்கு ஒதுக்கினார். ஏற்கெனவே அறிமுகமான ஒன்றை மறுபடி நினைவூட்டுவதுதான் அதன் வேலை என்பது அவர் கண்டது. இன்று ஆங்கில வகுப்பில் 'முதல் தடவை ஏ, இரண்டாம் தடவை தி' என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதற்கு மூதாதை அங்கே இருக்கிறது.

ஆங்கிலத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதே கதைதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'ஸே', 'ஸேயோ', 'தேட்' என்று மூன்று பாலுக்கும் சுட்டுச் சொற்கள் இருந்தன. பால் வேற்றுமையும் விகுதிகளும் உதிர உதிர எல்லாம் சேர்ந்து ஒரே 'தி' ஆயிற்று. 'தேட்' மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது. ஒன்று என்று பொருள்பட்ட 'ஆன்' என்ற சொல் ஒரு பக்கம் 'ஒன்' ஆகவும் இன்னொரு பக்கம் 'ஆன்', 'ஏ' ஆகவும் பிரிந்தது. இன்று ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் சொல் 'தி'. 1960களில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பத்து லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணியபோது அது மட்டும் ஏறக்குறைய 70,000 தடவை வந்தது. ஆனால் லத்தீன் அச்சில் வார்த்த ஆங்கில இலக்கணத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சன்தான், தாம் எழுதி 1640ல், அதாவது இறந்து 3 ஆண்டுகள் கழித்து, அச்சான இலக்கணத்தில், லத்தீன்காரர்களின் 8 வகையோடு ஒன்பதாவதாக நாம் ஆர்ட்டிகிளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார்.

இங்கே ஒரு சுவையான சண்டையைச் சொல்லாமல் போக மனமில்லை. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் கடவுள் என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. ஒரு தடவை ஆர்ட்டிகிளோடு, ஒரு தடவை இல்லாமல். இது ஏன் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜென் ஆராய ஆரம்பித்துவிட்டார். ஆர்ட்டிகிள் இல்லாத இடத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது வெறும் 'காட்' என்பதா, 'ஏ காட்' என்பதா? இயேசு யார் என்ற கேள்விக்கே பதில் அதில் மாறிவிடும். அந்தச் சண்டை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்தது.

1798ல் இங்கிலாந்தில் கிரான்வில் ஷார்ப் என்பவர் இதே ஆர்ட்டிகிள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அடிமை முறைக்கு எதிராகப் போராடி, 1772ல் சாமர்செட் என்ற அடிமையின் வழக்கில் பின்னணியில் நின்ற அதே ஷார்ப்தான். துணிக்கடையில் வேலை கற்ற காலத்தில், விவாதத்தில் தோற்கக் கூடாது என்பதற்காகத் தானாகவே கிரேக்கம் படித்த மனிதர். அவர் கண்ட விதியைச் சங்க உறுப்பினர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். 'தலைவரும் செயலாளருமானவர் வந்தார்' என்றால் ஒரே ஆள், ஒரு காபி போதும். 'தலைவரும் செயலாளரும் வந்தார்கள்' என்றால் இரண்டு காபி. கிரேக்கத்தில் இந்த வித்தியாசத்தை ஆர்ட்டிகிள் காட்டும்: ஆளைக் குறிக்கும் இரண்டு ஒருமைச் சொற்களை 'உம்' போட்டு இணைத்து, முதல் சொல்லுக்கு மட்டும் ஆர்ட்டிகிள் வைத்தால் ஒரே ஆள். சொந்தப் பெயர்களுக்கு இது பொருந்தாது. கடவுளும் இரட்சகரும் என்று வரும் வசனங்களில் பேசப்படுவது ஒருவரா இருவரா என்பதை ஷார்ப் இதை வைத்து நிறுவப் பார்த்தார்.

அவரைத் தொடர்ந்து 1808ல் தாமஸ் ஃபான்ஷா மிடில்டன் என்பவர் கிரேக்க ஆர்ட்டிகிளின் கோட்பாடு பற்றித் தடித்த நூல் ஒன்று எழுதினார். இந்த மிடில்டன் யார் என்று நினைக்கிறீர்கள்? 1814ல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக நியமிக்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தவர். சென்னை மாகாணமும் அவருடைய மறைமாவட்டத்துக்குள் அடக்கம். 1822ல் கல்கத்தாவிலேயே காலமானார். ஆர்ட்டிகிளே இல்லாத மொழிகள் பேசும் நாட்டுக்கு, ஆர்ட்டிகிள் பற்றிப் புத்தகம் எழுதியவரைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்!

சரி, கிரேக்கர் எழுதும் ஆங்கிலத்துக்கு வருவோம். இரண்டு மொழியிலும் 'அந்த' தேய்ந்துதான் ஆர்ட்டிகிள் ஆயிற்று என்றால், பிறகு ஏன் ஒத்துப்போவதில்லை? ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1978ல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார். உலகத்துப் பல மொழிகளை வைத்துப் பார்த்தால், சுட்டுச் சொல் ஒரே தடத்தில் பயணம் போகிறது: முதலில் 'அந்த', பிறகு தெரிந்த பொருளைக் குறிக்கும் ஆர்ட்டிகிள், பிறகு தெரிந்தது தெரியாதது என்று பார்க்காமல் மேலும் மேலும் பெயர்ச்சொற்களோடு ஒட்டிக்கொள்வது, கடைசியில் வெறும் பெயர்ச்சொல் அடையாளம். இதை நான் பஸ் ரூட்டாகத்தான் புரிந்துகொள்கிறேன். ஆங்கில 'தி' வழியில் ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிட்டது. கிரேக்க ஆர்ட்டிகிள் அதே பஸ்ஸில் இன்னும் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய், ஆள் பெயர், ஊர் பெயர், அன்பு, வாழ்க்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டது. 'ஒன்று' என்ற சொல்லின் ரூட்டில் நேர் எதிர். கிரேக்கத்திலும் 'ஏனஸ்', 'மியா', 'ஏனா' என்று ஒன்றைக் குறிக்கும் சொல் இடைக்காலத்திலிருந்து ஆர்ட்டிகிள் வேலை பார்க்கிறது. ஆனால் அவன் டாக்டர், அவளுக்குக் கார் இருக்கிறது என்பதற்கெல்லாம் அது தேவையில்லை. ஆங்கில 'ஏ' அந்த ஸ்டாப்பையும் தாண்டிப் போய், எண்ணக்கூடிய ஒருமைப் பொருள் என்றால் தனியாக விடவே விடாது. ஒரு ரூட்டில் கிரேக்கம் முன்னே, இன்னொரு ரூட்டில் ஆங்கிலம் முன்னே. அந்த இடைவெளியில்தான் கிரேக்க மாணவனின் பிழைகள் எல்லாம் விழுகின்றன. அதிகப்படியான 'தி'யும் காணாமல் போன 'ஏ'யும் ஒரே காரணத்தின் இரண்டு முகம்.

இதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. 2004ல் டானியா அயோனின், ஹீஜியோங் கோ, கென்னத் வெக்ஸ்லர் மூவரும் ரஷ்ய, கொரிய மொழிக்காரர்கள் ஆங்கிலம் எழுதுவதை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழியிலும் ஆங்கிலம் போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. 'நேற்று ஒருவரைச் சந்தித்தேன், அவர் பெயர் இன்னது' என்ற மாதிரி வாக்கியத்தில், சொல்பவர் மனதில் ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார், கேட்பவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இங்கே 'ஏ' தான். அந்த மாணவர்களோ சில சமயம் 'ஏ', சில சமயம் 'தி' என்று ஊசலாடினார்கள். 2006ல் ரோஜர் ஹாகின்ஸும் அவர் குழுவினரும் ஜப்பானியர்களையும் கிரேக்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஜப்பானியரிடம் இந்த ஊசலாட்டம் இருந்தது, கிரேக்கரிடம் இல்லை. கேட்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வி கிரேக்கருக்குப் பால்குடி மறவாத காலத்திலேயே பழகிப்போன கேள்வி. அவர் தடுக்கி விழுவது பட்டியலின் ஓரத்தில் மட்டும்தான்.

நம் கதை ஜப்பானியர் பக்கம் சேரும் என்று நினைக்கிறேன். தமிழில் 'ஒரு வேலைக்காரன் தேடறேன்' என்றால் யாராவது ஒருத்தன். 'ஒரு வேலைக்காரனைத் தேடறேன்' என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆள், ஓடிப்போனவனாகக்கூட இருக்கலாம். நம் 'ஐ' சொல்பவன் மனதைக் காட்டுகிறது. ஆங்கில 'தி' கேட்பவன் மனதைக் கேட்கிறது. இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. உயிரெழுத்து ஓசைக்கு முன் 'ஆன்', சூரியன் சந்திரனுக்கு முன் 'தி' என்ற இரண்டு விதியோடு கதை முடிந்தது. கிரேக்கருக்கும் நமக்கும் ஒரே பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் என்ன அர்த்தம்? அவருக்கு எங்கே விட வேண்டும் என்று சொல்லித் தர வேண்டும். நமக்கு எதற்காகப் போட வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித் தர வேண்டும். இரண்டும் இரண்டு மருந்து.

ஆனால் பரீட்சை ஒன்றுதான். கிரேக்கத்தில் தெருவுக்குத் தெரு 'ஃப்ரொந்திஸ்திரியோ' என்ற டியூஷன் சென்டர்கள் உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அங்கே போவார்கள். நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் நடத்திய 'லோயர் சர்ட்டிஃபிகேட்' என்ற தேர்வு 1939ல் ஆரம்பித்தது. 1975ல் அதற்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். கிரேக்கப் பெற்றோர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. "பையன் லோயர் எடுத்துட்டானா?" என்ற கேள்வி பழைய பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் 'ப்ரொஃபிஷியன்சி'. அந்தத் தேர்வை கேம்பிரிட்ஜ் 1913ல் முதன்முதலாக நடத்தியபோது எழுத வந்தவர்கள் மொத்தம் 3 பேர். மூவருமே ஃபெயில். நம் எம்-3 பேப்பர் ஞாபகம் வருகிறதா?

எஞ்சினியர்களுக்கு இது வெறும் மார்க் சமாச்சாரம் இல்லை. 'டெஸ்ட் பம்ப்' என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தால், பம்பைச் சோதி என்று அர்த்தமா, சோதனைக்கு உபயோகிக்கும் பம்ப் என்று அர்த்தமா? 'டெஸ்ட் தி பம்ப்' என்றால் சந்தேகமே இல்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் ஐரோப்பாவில் உருவாக்கிய எளிய தொழில்நுட்ப ஆங்கிலத்தில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பொருத்தமான இடத்தில் ஆர்ட்டிகிள் போட வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கிறார்கள். கடலில் நேர்மாறு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001ல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புச் சொற்றொடர்களில் 'தி', 'ஏ', 'ஆன்' போன்றவை அடிக்கடி விடப்பட்டிருக்கும். ரேடியோவில் கரகரப்புக்கு நடுவே பேசும்போது குறைந்த சொல்லே நல்லது என்ற வழக்கத்தை ஒட்டியது அது. ஆகக் கூடி, பிரிட்ஜில் நின்று ரேடியோவில் பேசும் கிரேக்கக் கேப்டன் ஆர்ட்டிகிளை விழுங்கிவிட வேண்டும்; கீழே எஞ்சின் ரூமைப் பற்றி அறிக்கை எழுதும் அவருடைய எஞ்சினியர் சரியாகப் போட வேண்டும். தமிழர்களை ரேடியோவில் உட்கார வைத்தால் பயிற்சியே தேவைப்படாது.

அறிக்கைகளைப் படிக்கும் முறையை நாங்கள் ஒரு விஷயத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். பிரேயஸிலிருந்து வரும் தாளில் 'தி வால்வ்' என்று இருந்தால், முந்தைய பக்கத்தில் சொன்ன அந்த வால்வா அல்லது பொதுவாக வால்வுகளைப் பற்றிய பேச்சா என்று கேட்டு ஒரு வரி எழுதுகிறோம். நம் ஊர்த் தாளில் 'வால்வ்' என்று மொட்டையாக இருந்தால் டேக் நம்பர் கேட்கிறோம். சிவப்பு மை எடுப்பதில்லை.

கிரேக்கர்களும் 'தி'யும் என்று பேச்சு வந்துவிட்டால் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். யுகோஸ்லாவியா உடைந்தபோது தெற்கே ஒரு துண்டு மாசிடோனியா என்ற பெயரில் தனி நாடாயிற்று. அதே பெயரில் தங்கள் நாட்டில் ஒரு பகுதி இருக்கிறது என்று கிரேக்கம் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் 1993 ஏப்ரலில், 'தி ஃபார்மர் யுகோஸ்லாவ் ரிபப்ளிக் ஆஃப் மாசிடோனியா' என்று ஒரு தற்காலிகக் குறிப்பெயரில் அந்த நாட்டைச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். அகர வரிசையில் நாற்காலி எங்கே போடுவது? 'எம்' வரிசையில் போட கிரேக்கம் சம்மதிக்காது. ஆகவே முன்னால் இருந்த 'தி'யின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டு, 'டி' வரிசையில், தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய 26 வருஷம் ஒரு நாடு ஒரு ஆர்ட்டிகிளின் பேரில் அங்கே உட்கார்ந்திருந்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2019 பிப்ரவரியில் வட மாசிடோனியா என்ற பெயர் அமலுக்கு வந்து, நாற்காலியும் 'என்' வரிசைக்குப் போயிற்று.